முட்டை ஓய்ந்த கோழியைக் கோயில் வாசலில் விட்டுச் செல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையின் தென்பகுதியில் நான் வழக்கமாகச் செல்லும் கோயில் ஒன்றின் அரச மரத்தடியில், நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே மூன்று பழுப்புநிறப் பெட்டைக்கோழிகள் இருந்தன. ஒன்று மூச்சு முட்டி இறந்திருந்தது. மற்ற இரண்டும் அலகைத் திறந்தபடி இரைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் உடலில் காயம் இல்லை, கழிச்சல் இல்லை, கண்ணில் நீர் வடியவில்லை. கையில் எடுத்து இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்ததும் காரணம் விளங்கிற்று: அவை முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கோழிகள். இவ்வாண்டில் இப்படி விட்டுச் செல்வது இது நான்காவது முறை என்று குருக்கள் வருத்தத்துடன் சொன்னார். நேர்த்திக்கடனாகக் கொடுக்கப்படும் சேவல் கோயில் பொறுப்பாளரின் கையில் முறையாக ஒப்படைக்கப்படுகிறது. விடிவதற்கு முன் வந்து பெட்டியை வைத்துவிட்டுப் போவதற்கு நேர்த்திக்கடன் என்று பெயரில்லை. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதாலேயே தங்களுக்கு எழுதுகிறேன்.

முட்டை வாங்குவது பெரும்பாடாக இருந்த 2022-ஆம் ஆண்டின் இறுதியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாமக்கல் முட்டை கப்பலேறி மலேசியக் கடைகளுக்கு வந்ததும் அந்தத் தட்டுப்பாட்டின் போதுதான். அதற்கடுத்த மாதங்களில் எங்கள் தாமானிலும் (குடியிருப்புப் பகுதி) பக்கத்துக் கம்பத்திலும் (சிற்றூர்) பல குடும்பங்கள், முட்டையிடத் தொடங்கும் பருவத்தில் இருந்த பழுப்புக் கோழிகளை இரண்டும் நான்குமாக வாங்கிக் கொல்லைப்புறத்தில் வளர்க்கத் தொடங்கின. அவர்களை ஊக்கப்படுத்தியவர்களில் நானும் ஒருவன். சிலருக்குக் கூடும் அடித்துக் கொடுத்தேன். கூடு எத்தனை அடி, தீவனம் எங்கே கிடைக்கும், பாம்பு நுழையாமல் எந்தக் கம்பிவலை கட்டுவது என்றெல்லாம் கேட்டார்கள். இந்தக் கோழி எத்தனை ஆண்டு முட்டையிடும், அதன் பிறகு என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போது வாங்கிய கோழிகளுக்கு இப்போது மூன்று வயது கடந்துவிட்டது. முட்டைக்கான அரசாங்க மானியம் 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி முழுமையாக நீக்கப்பட்ட பின் கோழி வாங்கியவர்களுக்கும் இந்தக் கேள்வி வந்தே தீரும். அன்று சொல்லத் தவறியதை இன்றாவது சொல்ல விரும்புகிறேன்.

பழுப்பு முட்டைக்கோழி என்பது பண்ணைக்காகவே பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட கலப்பினம். 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, முதல் ஆண்டில் ஏறத்தாழ 300 முட்டை இடக்கூடியது. இதற்கெல்லாம் மூதாதையான காட்டுக்கோழி, நம் நாட்டுக் காடுகளிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட ஓரங்களிலும் இன்றும் காணப்படுவது, ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைக்கு மேல் இடுவதில்லை. கம்பத்துக் கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடத்தில் மூன்று நான்கு ஈடு கண்டால் அதிகம். ஆக, நாம் வாங்கி வந்த பழுப்புக் கோழி இயற்கை வகுத்த அளவைப்போல் இருபது மடங்கு வேலையைத் தன் உடம்பில் சுமக்கிறது. ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிறது. அதில் ஓடு பூசுவதற்கு மட்டுமே 20 மணி நேரம் போகிறது. அந்த ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து தீவனத்தில் போதாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கும். முதல் இறகுதிர்ப்புக்குப் பின் முட்டை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போய், நான்காம் ஐந்தாம் ஆண்டில் எப்போதோ ஒன்று என்றாகிவிடும். ஆனால் அதன் ஆயுள் அத்துடன் முடிவதில்லை. நன்றாகப் பேணினால் ஆறேழு ஆண்டும், சில சமயம் அதற்கு மேலும் வாழும். பண்ணைகள் இந்தக் கணக்கை நன்கறிந்து, ஏறக்குறைய 72 முதல் 80 வாரத்தில், சில இடங்களில் இன்னும் சற்றுப் பின்னர், மொத்தக் கூட்டத்தையும் விற்றுவிடுகின்றன. சந்தையில் 'பென்சென் கோழி' (ஓய்வுபெற்ற கோழி) என்று மலிவாகக் கிடைப்பது அதுதான். பண்ணைக்காரர் முதல் நாளே முடிவு செய்துவிட்டதை, வீட்டில் வளர்ப்பவர் கடைசி நாள் வரை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் முட்டை நின்றுவிட்டது என்று சொல்வதற்கு முன், உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதை நான் வலியுறுத்தக் காரணம் என் சொந்த வாழ்வில் நடந்த ஒரு தவறு. சில ஆண்டுகளுக்கு முன், மூன்று வாரமாகப் பெட்டியில் முட்டை காணாததால், செவலைக் கோழி ஒன்று ஓய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, பக்கத்து வீட்டு நண்பரிடம் கறிக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அறுத்துச் சுத்தம் செய்தபோது வயிற்றில் மறுநாள் இடவேண்டிய முழு முட்டை ஓட்டுடன் இருந்தது. அதன் பின்னால் பெரிதும் சிறிதுமாகக் கருக்கள் கொத்தாகத் தொங்கின. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், ஆனால் என்னைக் குறை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, வேலியோரத்தில் இருந்த செரை (எலுமிச்சைப்புல்) புதரை வெட்டியபோது உள்ளே பதினான்கு முட்டைகள் அழகாக வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. கூட்டில் செள்ளு ஏறியிருந்ததை நான் கவனிக்காமல் விட்டதால், அந்தக் கோழி தனக்கென்று வேறிடம் தேடிக்கொண்டது. அன்று முதல், கையால் தொட்டுப் பாராமல் எந்தக் கோழியைப் பற்றியும் நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

தொட்டுப் பார்ப்பது கடினமான காரியம் அல்ல. கோழி கூட்டில் அடைந்த பின் இருட்டில் எடுத்தால் திமிராது. எச்சத்துவாரத்துக்கு இருபுறமும் இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் கைக்குத் தட்டுப்படும். அவற்றுக்கிடையே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அந்தக் கோழி முட்டையிடுகிறது, ஒரு விரலும் நுழையாமல் ஒட்டிக்கிடந்தால் இடவில்லை. முட்டையிடும் கோழியின் துவாரம் அகன்று ஈரமாகவும், ஓய்ந்ததன் துவாரம் சுருங்கி வறண்டும் இருக்கும். கொண்டையின் சிவப்பு வெளுத்து அது சுருங்கிப் போவதும், முட்டையிட்ட காலத்தில் வெளிறிப் போயிருந்த கால்களில் மஞ்சள் நிறம் மெல்லத் திரும்புவதும் அதையே சொல்லும். இத்தனை அடையாளமும் இருந்தாலும்கூட, அந்த ஓய்வு தற்காலிகமா நிரந்தரமா என்பது அடுத்த கேள்வி. இறகு உதிர்க்கும் கோழி இரண்டு மூன்று மாதம் முட்டையிடாது. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது என்பதால், இருக்கும் புரதமெல்லாம் புது இறகுக்கே செலவாகிறது. குளிர்நாடுகளில் பகல் குறுகும்போது இது நடக்கிறது. பினாங்கில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேர வேறுபாடுகூட இல்லாததால், இங்கே ஒரே கூட்டில் ஒவ்வொரு கோழியும் ஒவ்வொரு மாதத்தில் உதிர்க்கும்; அதனால்தான் பலர் இதை நோயென்றும் மூப்பென்றும் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

வெயிலும் ஒரு காரணம். பிப்ரவரி, மார்ச் மாத வறட்சியில் தகரக் கூரைக்கடியில் அடைபட்ட கோழி இரைத்து இரைத்தே களைத்துப்போகிறது. இரைக்கும்போது உடம்பின் கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் ஓடு மெலிந்து, பிறகு முட்டையே நின்றுவிடுகிறது. அட்டாப் ஓலையோ பழைய சாக்கோ கூரைமேல் விரித்து, தண்ணீரை நிழலில் வைத்தால் சில வாரங்களில் சரியாகிவிடும். இரவில் மரநாயோ மலைப்பாம்போ கூட்டைச் சுற்றினாலும், வீடு மாறினாலும், புதுக்கோழி ஒன்றைக் கூட்டத்தில் சேர்த்தாலும் அதே கதைதான். எஞ்சிய சோற்றை மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் கெராங் சிப்பி ஓட்டைச் சுட்டு இடித்துத் தனிக்கிண்ணத்தில் வைத்துப் பார்க்கட்டும். கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். கம்பத்துக் கோழி அடைக்கு உட்கார்ந்து 21 நாள் எழாமல் கிடப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் அடைகிடந்த கோழியை நோய்வாய்ப்பட்டதென்று கருதி விற்ற இளம் தம்பதியர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இவ்வளவும் பார்த்த பின், வயது மூன்று நான்கு கடந்து, நான்கைந்து மாதமாக எலும்பு அகலாமல், கொண்டை சிவக்காமல் இருந்தால், முட்டைக் காலம் முடிந்ததென்று கொள்ளலாம். வயிறு நீர்கோத்து ஊதி, நெஞ்சை நிமிர்த்திக் கால்களை அகட்டி நடக்கும் கோழியின் நிலை வேறு. உள்ளே முட்டைக்கரு வழிமாறி வயிற்றில் சிந்திச் சீழ்பிடிக்கும் நோய் இந்தக் கலப்பினத்தில் அடிக்கடி வருவது. அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும், அல்லது நோவு நீளாமல் முடித்துவிட வேண்டும். அதை உண்ணக் கூடாது.

நலமாக இருந்தும் முட்டை ஓய்ந்த கோழியை வைத்திருப்பதா, உண்பதா என்பதில் குடும்பத்துக்குள்ளேயே மனம் பிரிவதை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும் அப்படித்தான். நான் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். எங்கள் அம்மா பஞ்சாரத்தில் ஆறேழு கோழி வைத்திருந்தார். ஓய்ந்த கோழியை அவர் ஒருபோதும் கூசாமல் அறுத்ததில்லை, அறுக்காமல் விட்டதும் இல்லை. முதல் நாள் இரவு இரை போடாமல் தண்ணீர் மட்டும் வைப்பார். காலையில் மற்றக் கோழிகளைத் திறந்து விரட்டிவிட்டு, அதை மட்டும் பழந்துணியில் சுற்றி மடியில் சிறிது நேரம் வைத்திருப்பார். கத்தியை அப்பா முன்னிரவே தீட்டியிருப்பார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு மிளகும் நல்லெண்ணெயும் சேர்த்த பத்தியக் குழம்பாக முதல் சட்டி போகும். நகரத்தில் வளர்ந்த என் துணைவியாரோ, பெயர் சொல்லி அழைத்த கோழியைச் சட்டியில் பார்க்க முடியாது என்பவர். அவர் சொல்வதில் உள்ள நியாயம் எனக்குப் புரிகிறது. அம்மா செய்ததில் இருந்த நியாயமும் புரிகிறது. இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: இருவருமே அந்தக் கோழியின் முடிவைத் தம் பொறுப்பாக ஏற்றவர்கள். எங்கள் வீட்டில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு, தீவனம் வைத்துக் கூடு கழுவியவரின் சொல்லே இறுதி என்பதாகும். அதனால் இப்போது எங்கள் கொல்லையில் முட்டையிடாத கோழிகள் இரண்டு இருக்கின்றன. நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

வைத்திருப்பது என்றால் செலவையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். நான்கு கோழிக்கு 50 கிலோ மூட்டை நூறு நாளைக்குச் சற்று மேல் வரும். முட்டையிடாத கோழிக்கு முட்டைத் தீவனம் தொடர்ந்து போடுவது தவறு; அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாதாரணத் தீவனமும், குருணையும் கீரையும் போதும். அது சும்மா தின்றுகொண்டிருப்பதும் இல்லை. கிளறிக் கிளறிப் புழுவையும் பூரானையும் தின்கிறது. அதன் எச்சத்தைக் காய்ந்த இலையுடன் கலந்து சில மாதம் மக்க வைத்தால் வாழைக்கும் கத்தரிக்கும் நல்ல எரு. கம்பத்துக் கோழியானால் பிற கோழியின் முட்டைக்கு அடையிருந்து குஞ்சு பொரிக்கும். இடம் குறைந்த தாமான் வீட்டில் இருப்பவர்கள், நாற்றம், ஈ என்று அண்டை வீட்டார் முறையிட்டால் நிலைமை எப்படியாகும் என்பதையும், ஊராட்சி மன்றத்தின் விதிகளையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

உண்பதென்று முடிவு செய்தவர்களுக்கு ஓரிரு சொற்கள். கிழட்டுக் கோழி வாணலிக்கு ஆகாது. அறுத்த அன்றே சமைத்தால் தோலாக இழுக்கும். ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்து, சிறுதீயில் இரண்டு மூன்று மணி நேரம் வேக விட்டால், இளங்கோழியில் கிடைக்காத சாறு இறங்கும். சந்தையில் சீனக் குடும்பங்கள் சூப்புக்கென்று வயதான கோழியையே கேட்டு வாங்குவது இந்தச் சுவைக்காகத்தான். புழு மருந்தோ வேறு மருந்தோ கொடுத்திருந்தால், உறையில் குறிப்பிட்ட நாள்கள் கழியும் வரை அறுக்கக் கூடாது. அறுக்கத் தெரியாதவர் அரைகுறையாக முயல்வது கொடுமை. தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கம் இல்லை.

பிறருக்குக் கொடுப்பதும் நல்ல வழியே, ஆனால் உண்மையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மலாய் அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதானால் உயிருடன் கொடுங்கள். அவர்கள் தங்கள் முறைப்படி அறுத்துக்கொள்வார்கள். வயது என்ன, முட்டை எப்போது நின்றது, என்ன மருந்து கொடுத்தோம் என்று மூன்றையும் சொல்லிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது. ஓய்ந்த கோழியை 'இன்னும் முட்டையிடுகிறது' என்று சொல்லி இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

இத்தனை வழி இருக்க, பெட்டியில் அடைத்துக் கோயிலிலும், ஆற்றோரத்திலும், செம்பனைக் காட்டிலும் விட்டுவிட்டு வருவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது. காட்டில் விட்டால் தானே பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். பண்ணைக் கோழிக்கு உயரமான மரத்தில் ஏறி அடையத் தெரியாது. தீவனக் கிண்ணத்தைத் தவிர வேறு இரையிடம் பழகியதில்லை. முதல் இரவிலேயே நாயோ மரநாயோ மலைப்பாம்போ அதை முடித்துவிடும். 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் விலங்கை வதைப்பவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது. மூச்சுவிட ஒரு துளைகூட இல்லாத பெட்டியில் வெயிலில் வைப்பது வதை இல்லையென்றால் வேறு எது வதை என்று எனக்குத் தெரியவில்லை. இதில் இன்னொரு கேடும் உண்டு. எங்கிருந்து வந்ததென்று தெரியாத கோழி வெள்ளைக் கழிச்சல் என்னும் தொற்றுநோயையும் கூடவே கொண்டுவரக்கூடும். 2006-ஆம் ஆண்டு செத்தாப்பாக் வட்டாரத்தில் கம்பத்துக் கோழிகளிடையே பறவைக்காய்ச்சல் கண்டபோது, சுற்றுவட்டாரக் கோழிகளையெல்லாம் அழிக்க நேர்ந்ததை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பெட்டியில் கண்ட கோழிகளை நானும் நேராகக் கூட்டில் விடவில்லை. மூன்று வாரம் தனியே வைத்திருந்து, வேறு உடை, வேறு செருப்புடன் இரை வைத்தேன். ஒன்று ஐந்தாம் நாள் இறந்தது. மற்றொன்று இப்போது எங்கள் பப்பாளி மரத்தடியில் மண் குளியல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

கோழி விற்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குஞ்சு பொரித்த மாதத்தையும், எத்தனை ஆண்டு முட்டையை எதிர்பார்க்கலாம் என்பதையும் வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இயன்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கோயில் நிர்வாகத்தினர், நேர்த்திக்கடன் கோழியைப் பொறுப்பாளரிடம் நேரில் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் அறிவிக்கலாம். கோழி வாங்கப் போகும் குடும்பங்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே, முட்டை ஓய்ந்தால் வைத்திருப்போமா, உண்போமா, யாருக்குக் கொடுப்போம் என்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யட்டும். எங்கள் வட்டாரத்தில் இனிமேல் யாருக்குக் கூடு அடித்துக் கொடுத்தாலும், இதற்கு விடை கேட்ட பிறகே ஆணியைக் கையில் எடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
சிம்பாங் அம்பாட், பினாங்கு